காற்றுப் புகாத கையுறை

என் விரல்நுனிகள் நல்ல நிலையில் இருந்திருந்தால், அன்று முற்பகலில் என் மகளின் உடம்பு சுட்டது எனக்குத் தெரிந்திருக்குமா?

மூன்று வருடங்களாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு மருத்துவர் தெரிந்திருக்கும் என்றார். இன்னொருவர், இந்த வகைக் காய்ச்சல் சில நிமிடங்களில் ஏறிவிடும், யார் தொட்டிருந்தாலும் தடுத்திருக்க முடியாது என்றார். என் கணவர், கேட்பதை நிறுத்து என்கிறார். ரசாயனங்களோடு வேலை செய்பவர்கள், கையுறை போட்டிருக்கிறோம், அது போதும் என்று நினைப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வீடு புதுச்சேரியில் முதலியார்பேட்டையில் இருக்கிறது. கணவர் பஞ்சாலையில் வேலை. அவருடைய அக்கா எங்களோடு இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மகள் கவிதாவுக்கு எட்டு மாதமானபோது, குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டு, ஊருக்குள் பல் செட் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பத்தொன்றாம் வருடம் அது. பியூசி வரை படித்தவள் என்பதால் என்னை எடுத்தார்கள்.

பட்டறைக்காரர் சைகோனில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தபோது அந்தத் தொழிலைக் கற்றவர். நாங்கள் அவரை பிரெஞ்சு வழக்கப்படி முசியே (ஐயா) என்று அழைப்போம். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் வார்த்து எடுத்த மாதிரியின் மேல் மெழுகில் ஈறு செய்து பல் பதிப்பார்கள். பிறகு அதை பிளாஸ்டருக்குள் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் இளஞ்சிவப்பு மாவை அடைக்க வேண்டும்.

மாவு என்பது ஒரு பொடியும் ஒரு திரவமும் கலந்தது. கலந்தவுடன் நூல் நூலாக இழுபடும். கொஞ்ச நேரம் கழித்து சப்பாத்தி மாவு போலக் கையில் ஒட்டாமல் வரும். அந்தப் பதத்தில் எடுத்து, பற்களுக்குப் பின்னால் இடுக்கு இல்லாமல் விரலால் அழுத்தி நிரப்ப வேண்டும். அதுதான் என் வேலை. திரவத்துக்குக் கண்ணைக் கரிக்கும் இனிப்பான வாசனை உண்டு.

திரவம் வந்த டப்பாவில், தோலில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அதை முசியேயிடம் காட்டினேன்.

"முப்பது வருஷமா தொடறேம்மா. எனக்கு என்னா ஆச்சு?" என்று கையை விரித்துக் காட்டினார்.

இறுகிய மாவைத் தேய்த்து மெருகேற்றும் செல்வி சிரித்தாள். அவள் வில்லியனூர்ப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். "அக்கா படிச்சவங்க முசியே. டப்பாவக்கூட விடமாட்டாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டில் பால் குடிக்கும் குழந்தை இருந்தது.

கையுறையைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. முதலில் இரும்புக் கடையில், பேட்டரி வேலை செய்பவர்கள் வாங்கும் கறுப்பு ரப்பர் உறையை வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு அழுத்தினால் பல் எங்கே முடிகிறது, ஈறு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அப்படிச் செய்த முதல் செட்டில் ஒரு கடைவாய்ப் பல் திரும்பிக்கொண்டது. அதைப் போட்டுக்கொண்ட பெரியவர் இரண்டாம் நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"சோறு கடிக்கப் பல்லு கேட்டாரு, கன்னத்தக் கடிக்கறதுக்குக் குடுத்துட்டியேக்கா" என்றாள் செல்வி.

துணி உறை மாவில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவதாகக் கிடைத்தது, அறுவை மருத்துவர்கள் அணியும் மெல்லிய ரப்பர் உறை. எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தார். அங்கே அறுவை உறைகளை ஒரு தடவையோடு எறிய மாட்டார்கள். கழுவி, ஓட்டை பார்த்து, பவுடர் தூவி, ஆவியில் வேகவைத்துத் திரும்பவும் அணிவார்கள். பல தடவை வெந்து தளர்ந்துபோனவற்றை ஒதுக்குவார்கள். அவற்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மாவின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் விரலுக்குத் தெரிந்தன. வயிற்றைத் திறக்கும் மருத்துவர்களே நம்பும் உறை என்பதால் எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஓட்டை பார்க்கவும் அந்தப் பெண்ணே கற்றுக்கொடுத்தார். உறையின் வாயைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் உள்ளே காற்று அடைபடும். விரல்கள் விறைத்து நிற்கும். அதைக் கன்னத்தருகே வைத்து அழுத்த வேண்டும். ஓட்டை இருந்தால் கன்னத்தில் சில்லென்று காற்றுப் படும். தினமும் காலையில் அப்படிப் பார்ப்பேன். சந்தேகமிருந்தால் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்றும் பார்ப்பேன். ஒரு நாளும் ஓட்டை உறையை அணிந்ததில்லை.

வலது கை உறைதான் சீக்கிரம் கிழியும். இடது கை உறைகள் மிஞ்சிக்கொண்டே போயின. அவற்றை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினால் வலது கைக்குப் பொருந்தும் என்று கண்டுபிடித்தேன். முசியே, "கெட்டிக்காரி" என்றார். அன்றைக்கு முழுவதும் எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

செல்வியையும் உறை போடச் சொன்னேன். நான் வராத நாட்களில் மாவு அடைப்பது அவள்தான்.

"அதெல்லாம் எனக்குச் சரிப்படாதுக்கா. அந்த நாத்தம் கையில இருந்தா சோறு எறங்காது. தொட்டா ஒடனே சோப்புப் போட்டுக் கழுவிடுவேன். நீ போடு, ஆப்பரேசன் டாக்டரம்மா மாதிரியே இருக்குது."

நான் அப்படிக் கழுவியதில்லை. வியர்த்த கையில் உறையைக் கழற்றி மாட்டுவது சிரமம். காலையில் போட்டால் சாப்பாட்டு நேரம் வரை அதோடுதான் இருப்பேன்.

சில மாதங்களில் இரண்டு கைகளிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் தோல் உரிந்தது. பிறகு வெடித்தது. புறங்கை வரை சிவந்து அரித்தது. நல்லெண்ணெய் தடவினேன். உறையின் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, உள்ளே மெல்லிய துணி உறை போட்டு, அதன் மேல் ரப்பர் உறை அணிந்தேன். சில நாள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் உறைகள். கை இன்னும் மோசமாயிற்று.

ஒரு நாள் முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கினேன். கண்ணுக்குக் கல் தெரிந்தது. விரலுக்குக் கல்லும் அரிசியும் ஒன்றாக இருந்தன. யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணி வேறொரு நாள் கண்டுபிடித்தார். கொதித்த பால் பாத்திரத்தை நான் துணியில்லாமல் இறக்கி வைத்தேன்.

"ஏ சாந்தி, சுடல?"

"இல்லையே அண்ணி."

அவர் என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நின்றார். அவருடைய புகுந்த வீட்டில் ஒருவருக்கு இப்படித்தான் தொடங்கியதாம். விரலில் உணர்ச்சி போய், பிறகு விரலே போயிற்றாம்.

"பெருவியாதியா இருக்கப் போவுதுடி. நாளைக்கே போயிக் காட்டு. அது என்னான்னு தெரியற வரைக்கும் கொழந்த மொகத்துல மொகம் வெக்காத. நான் சொல்றத கேளு."

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோல் பிரிவின் தாழ்வாரத்தில், தூர ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்களின் கைகளையே பார்த்தேன். அவர்களும் என் கைகளைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா என் வயதுக்காரராகத்தான் இருப்பார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் விரல்களைத் தொட்டார். நுனிகளில் அவர் தொட்டது எனக்குத் தெரியவில்லை. முழங்கை எலும்புக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார். காது மடலில் சிறு கீறல் போட்டுச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தார். தொழுநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

"எனக்கு அப்படித் தோணல. நரம்பு தடிக்கல, தோல்ல தேமலும் இல்ல. எதுக்கும் பார்த்துடலாம். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும்" என்றார். கைகளுக்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டார்கள். விரல்நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"கொழந்தைய தூக்கலாமா டாக்டர்?"

"தாராளமா தூக்குங்க. முத்தம் குடுங்க. ஒண்ணும் ஆகாது."

இதை அண்ணியிடம் சொன்னேன். "அவங்க சொல்லுவாங்க. அவங்க வூட்டுக் கொழந்தையா?" என்றார். நான் டாக்டரம்மா சொன்னதை விட்டுவிட்டு அண்ணி சொன்னதைக் கேட்டேன். ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். ஒழுங்காக நடப்பதாகவே நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கவிதாவுக்குப் பதினோரு மாதத்தில் ஒரு தடவை காய்ச்சல் வலிப்பு (சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சல் திடீரென்று ஏறும்போது கை கால் வெட்டிக்கொள்வது) வந்திருந்தது. ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. திரும்ப வரலாம், உடம்பு சுட ஆரம்பித்த உடனே மருந்து கொடுத்து ஈரத்துணியால் துடையுங்கள் என்று குழந்தை மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் யார் கடந்துபோனாலும் அவளை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போவோம்.

பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. கணவர் காலை ஷிப்ட். அண்ணி துணி அலசிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு ஒன்றரை வயது. பத்து மணிக்கு நெற்றியைத் தொட்டேன். கொஞ்சம் சோர்வாகப் படுத்திருந்தாள், பதினொரு மணிக்கு மறுபடியும் தொட்டேன். நெற்றி, கழுத்து, வயிறு. விரல்நுனிகளுக்கு எதுவும் தெரியவில்லை. சுடவில்லை என்று எடுத்துக்கொண்டேன். புறங்கையில் கட்டு இருந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கலாம். உறையில் ஓட்டை பார்க்க தினமும் கன்னத்தை வைத்தவள் நான். குழந்தையின் நெற்றியில் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

கால் மணி நேரத்துக்குள் கட்டில் ஆடும் சத்தம் கேட்டது. நான் போட்ட கூச்சலில் அண்ணி ஈரக் கையோடு ஓடி வந்தார். குழந்தையைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"அடிப்பாவி, நெருப்பா கொதிக்குதே! தொட்டுப் பாக்கல?"

"தொட்டேன் அண்ணி. தொட்டேன்."

சைக்கிள் ரிக்‌ஷாவில் ஊருக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடலூர் ரோட்டில் ரயில் கேட் மூடியிருந்தது. அண்ணி குழந்தையோடு இறங்கி, கம்பத்துக்கு அடியில் குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடினார், நான் பின்னால் ஓடினேன். அந்தப் பக்கம் நின்ற ஒருவர் வண்டி பிடித்துக் கொடுத்தார். ஊசி போட்டு வலிப்பு நின்றபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது என்றார்கள். எனக்கு அந்த நேரத்தின் நீளம் தெரியாது. இப்போதும் அதற்குள் நிற்பது போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கோரிமேட்டிலிருந்து முடிவு வந்தது. கிருமி இல்லை. எனக்குத் தொழுநோய் இல்லை. நான் என்றைக்கு வேண்டுமானாலும் என் குழந்தையின் முகத்தில் முகம் வைத்திருக்கலாம்.

அந்தக் காகிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். அவர் படிக்கத் தெரியாதவர். என்ன எழுதியிருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கென்று தனியாக வைத்திருந்த தம்ளரைத் துலக்கி மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசியதே இல்லை. அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. அவர் பயந்தது குழந்தைக்காக.

டாக்டரம்மா விடவில்லை. ஒட்டுப் பரிசோதனை (சந்தேகப்படும் பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார். ரப்பர்த் துண்டு ஒட்டிய இடம் சாதாரணமாக இருந்தது. பட்டறைத் திரவத்தை எண்ணெயில் மிகவும் நீர்க்கக் கலந்து வைத்த இடம் தடித்துக் கொப்பளித்திருந்தது.

"கிளவுஸ் உங்களுக்கு ஒத்துக்குது. உள்ள வந்த திரவம்தான் ஒத்துக்கல. தோலையும் கெடுத்து, விரல் நரம்பையும் கெடுத்திருக்கு."

"உள்ள வர வழியே இல்ல டாக்டர். தினமும் காத்து அடைச்சுப் பாத்துத்தான் போடுவேன்."

"இதுக்கு ஓட்ட வேணாம்மா. ரப்பர் வழியாவே ஊறிடும்."

பிறகு நான் எப்படியெல்லாம் உறையைப் பயன்படுத்தினேன் என்று கேட்டார். புரட்டிப் போட்டதைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். நேற்று வெளிப்பக்கம் பட்டதை இன்று உள்பக்கமாக வைத்து நானே கையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். துணி உறை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டது. வெறும் கையில் பட்டிருந்தால் பெரும்பகுதி காற்றில் போயிருக்கும். உறைக்குள் போக இடமில்லாமல் தோலுக்குள் போயிருக்கிறது. இவ்வளவையும் அவர் மெதுவாகச் சொன்னார். கடைசியில், "இது நீங்க தெரிஞ்சுக்க முடியாத விஷயம்" என்றார். டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தவள் நான்தான் என்பது நினைவுக்கு வந்தது.

என்னால் நம்ப முடியவில்லை. பட்டறைக்குப் போனேன். நல்ல உறை ஒன்றை எடுத்து, ஒரு விரலுக்குள் தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போட்டேன். இன்னொரு விரலுக்குள் திரவத்தை ஊற்றி முடிச்சுப் போட்டேன். இரண்டையும் காகிதத்தின் மேல் தொங்கவிட்டேன். செல்வி டீ வாங்கி வந்திருந்தாள். நாங்கள் டீயைக் குடித்து முடிக்கவில்லை. திரவம் இருந்த விரல் பருத்துத் தொங்கியது. வெளிப்பக்கம் அந்த இனிப்பு வாசனை வந்தது. செல்வி ஒரு விரலால் தொட்டாள். ஈரம். தண்ணீர் இருந்த விரல் உலர்ந்தே இருந்தது.

"ஐயோ அக்கா" என்றாள். ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். அவள் கைக்கு ஒன்றுமில்லை. முசியே தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்நுனிகளில் ரேகையே இல்லை என்பதை அன்றுதான் நான் கவனித்தேன்.

நான் வேலைக்குத் திரும்பவில்லை. பட்டறையில் இப்போது மாவைக் கையால் தொடுவதில்லை. மரக்கரண்டியால் எடுத்து, மேலே பாலித்தீன் தாளை வைத்து, தாளுக்கு மேலிருந்து அழுத்துகிறார்கள். தாளை உடனே எறிந்துவிடுகிறார்கள். அது போதுமா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. போதும் என்று இனி எதையும் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

தோல் இரண்டு மாதத்தில் ஆறியது. உணர்ச்சி பாதிதான் திரும்பியது. மெல்லிய துணி சுற்றிய விரலால் தொடுவது போல இருக்கிறது. பொருள்களின் வடிவம் தெரிகிறது, சூடும் குளிரும் தாமதமாக வருகின்றன. கவிதாவின் தலைமுடி என் விரல்களுக்கு எப்படி இருந்தது என்பதை நினைவிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

வலிப்புக்கு முன்னால் அவள் ஐந்தாறு சொற்கள் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பல மாதம் ஒன்றுமில்லை. வலிப்பைத் தடுக்க தினமும் கொடுத்த மருந்தில் எப்போதும் தூக்கக் கலக்கம். இப்போது நாலரை வயது. இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறாள். தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் கதையே சொல்கிறார்கள். அந்த நீண்ட வலிப்பாலா, மருந்தாலா, எப்படியும் இப்படித்தான் இருந்திருப்பாளா என்று கேட்டால், பொறுத்திருந்து பார்க்கலாம் என்கிறார்கள். பொறுத்திருக்கிறேன்.

என் கையை நம்பாததால் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். காலையில், மத்தியானம், சாயங்காலம், அவள் கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தால் இடையிலும். அக்குளில் வைத்து இரண்டு நிமிடம். நாளின் மற்ற நேரமெல்லாம் எப்படிப் போகிறது என்று தெரிவதில்லை. அந்த இரண்டு நிமிடங்கள் மட்டும் நன்றாகத் தெரிகின்றன. பாதரசம் நின்ற இடத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேளை தொடங்குகிறது.

போன வாரம் அவளைச் சும்மா கட்டிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையில் எதுவும் இல்லை. அவள் விளையாட்டிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. சட்டையைத் தளர்த்தி, இடது கையை மேலே தூக்கி, அப்படியே காத்திருந்தாள். நான் எவ்வளவு நேரம் சும்மா இருந்தும் கையை இறக்கவில்லை.

எனக்கு வந்தது போல விரல் மரத்துப்போனவர்களில் யாருக்காவது மூன்று வருடங்களுக்குப் பிறகும் உணர்ச்சி திரும்பியிருந்தால் எழுதுங்கள். இந்தத் திரவத்தைத் தடுக்கும் கையுறை உண்மையிலேயே எங்காவது கிடைக்கிறதா என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள், செல்விக்குச் சொல்ல வேண்டும். தாய்மார்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். காய்ச்சலுக்குப் பயந்து தெர்மாமீட்டரோடு திரிந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். நான் பக்கத்தில் வந்தாலே தூக்கிவிடும் அந்தக் கையை எப்படி இறக்க வைப்பது? சோதிப்பதை நிறுத்தினால் போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை என்னால் செய்ய முடியவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.